இருபது எண்ணினால் வரும் காடு

இன்று காலை தலை வார உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தேன். குப்பென்று சாம்பிராணி வாசம். வீட்டில் யாரும் சாம்பிராணி போடவில்லை. நேற்று மாலை மண்டபத்தில் போட்ட புகை தலைமுடியிலேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதானே, எண்ணெய் வைத்துக் குளித்தால் போய்விடும். அது போவதற்கு முன்னால் உனக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் இந்தக் கோலத்தைப் பார்த்து நாலு நாள் சிரித்திருப்பாய்.

நேற்று மறுபடியும் காடு போட்டோம். நம் கம்பெனியின் குடும்ப தினம், அதே கல்யாண மண்டபம், அதே நாடகம். உன் அப்பா வந்திருந்தார். போன முறை அவர் கண் முன்னால் நான் கெடுத்த காட்டை இந்த முறை அவருக்கு ஒழுங்காகக் காட்டிவிட வேண்டும். எனக்கு இருந்த வேண்டுதல் அது ஒன்றுதான். என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆனால் எனக்கு எதையும் பாதியிலிருந்து சொல்ல வராது. முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும்.

நீ மெயின்டனன்ஸில் எலக்ட்ரீஷியன், நான் குவாலிட்டியில். என் மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது என்று புகார் எழுதியிருந்தேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நீ வந்தாய். லைட்டை மாற்றிவிட்டு ஏணியில் நின்றபடியே என் மேசையைப் பார்த்தாய். மூன்று பக்கமும் விளக்கு, வெள்ளை வெளேரென்று. கீறல் இருந்தால் தெரிய வேண்டும், பிசிறு இருந்தால் தெரிய வேண்டும், அதனால் அந்த மேசையில் நிழலே விழக் கூடாது என்பது எங்கள் விதி. நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாய். "இம்புட்டு வெளிச்சத்துல எப்படிட்டி இருக்க? ஒரு நெழலு கூட இல்லையே."

முதல் பேச்சிலேயே என்னை 'ட்டி' போட்டுக் கூப்பிட்ட ஆள் நீ. எங்கள் கெலமங்கலம் பக்கம் அப்படிக் கூப்பிட்டால் சண்டைதான். உங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில் அது பிரியம் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அதற்குள் நாம் ஒரே டப்பாவில் சாப்பிடத் தொடங்கியிருந்தோம். என் களியை நீ தொடவே மாட்டாய். உன் புளிக்குழம்பை நான் விடவே மாட்டேன்.

உன் அப்பா மைக்செட் வைத்திருந்தவர். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று சுற்று வட்டாரம் முழுக்க அவர் சீரியல் செட்தான் எரியும். நீ அந்த ஒயர்களுக்கு நடுவில் வளர்ந்தவள். ஆனால் ஒரு நாள்கூட அவர் உன்னை ஏணியில் ஏற விட்டதில்லை, ஸ்விட்ச் பெட்டியைத் தொட விட்டதில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று ஒரே பேச்சு. நீ அவரோடு சண்டை போட்டு ஐடிஐ படித்து, எலக்ட்ரீஷியனாகி, ஓசூர் வரைக்கும் வந்துவிட்டாய். அவர் உன்னோடு பேசினார், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார், கல்யாணம் செய்து வைத்தார். நீ செய்த வேலையை மட்டும் ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. அதை நீ வருத்தமாகச் சொன்னதில்லை, கேலியாகத்தான் சொல்வாய். ஆனால் மூன்று முறை சொன்னாய். நான் எண்ணுகிற ஆள், எனக்குத் தெரியும்.

குடும்ப தினத்துக்கு வழக்கமாக டான்ஸ்தான். அந்த வருஷம் எனக்கு என்ன கிறுக்கோ, ஒரு நாடகம் எழுதினேன். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, பொழுது சாயும் நேரத்தில், திரும்பி வராத மாட்டைத் தேடிக் காட்டுக்குள் போகிறாள். வழியில் யானை நிற்கிறது. அவ்வளவுதான் கதை. கமிட்டியில் இருபது நிமிஷம் கொடுத்தார்கள். காட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். தைல மரக் கிளைகளை வெட்டி வந்து கட்டுகிறோம் என்று நான் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டுவிட்டு நீ டப்பாவை மூடினாய். கிளை வேண்டாம், படுதா வேண்டாம், அஞ்சு லைட்டு மட்டும் வாடகைக்கு எடு, காட்டை நான் கொண்டுவருகிறேன் என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பனைமரத்தைத் தவிர வேறு மரத்தைப் பார்க்காத ஊரிலிருந்து வந்தவள், காட்டோரத்தில் பிறந்த எனக்குக் காடு காட்டப் போகிறாளாம். அப்போதே கேட்டும் விட்டேன். நீ கோபப்படவில்லை. அப்படியானால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றாய்.

அடுத்த ஞாயிறு தளி பஸ்ஸில் போனோம். கோஸ் தோட்டங்களைத் தாண்டி, காடு தொடங்குகிற இடம் வரைக்கும் நடந்தோம். நான் ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து தரையையே பார்த்தபடி நின்றாய். என்ன தொலைந்துபோனது என்று கேட்டேன். "மரத்த வுடு. தரையப் பாரு. வெளிச்சம் எப்படி ஒடஞ்சு கெடக்கு பாத்தியா?" என்றாய். பார்த்தேன். இலைக்குள் புகுந்து வந்த வெயில் தரையில் சில்லுச் சில்லாகக் கிடந்தது, காற்றுக்கு அசைந்தது. நாற்பது வருஷமாக நான் அதை மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். அதற்குள் தோட்டத்தில் கொத்தமல்லி பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா "ஒளகெ ஹோக்பேடி, ஆனெ இதெ" என்று சத்தம் போட்டார். உள்ளே போகாதீர்கள், யானை இருக்கிறது என்கிறார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ பஸ் ஸ்டாப் பக்கம் பாதி தூரம் போயிருந்தாய்.

அந்த உடைந்த வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது? தகட்டில் ஓட்டை போட்டு விளக்குக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நிறுத்த வேண்டும் என்றாய். தகடு வெட்டும் வேலை எனக்கு. பிரஸ் ஷாப்பில் கேட்டுக் கழிவுத் தகடு வாங்கினேன். இலை வடிவத்தில் ஒரு அச்சு செய்து, ஒவ்வொரு ஓட்டையையும் வெர்னியரால் அளந்து, வரிசை பிசகாமல், இடைவெளி மாறாமல் நான்கு நாள் உட்கார்ந்து வெட்டினேன். அவ்வளவு அழகான தகடு நம் கம்பெனியில் யாரும் செய்ததில்லை. ராத்திரி ஷிப்டு போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உன் வீட்டுச் சுவரில் முதல் முறை அதற்குப் பின்னால் விளக்கைப் போட்டாய். குளியலறை ஜன்னல் மாதிரித்தான் தெரிந்தது. காட்டின் வாடைகூட இல்லை.

நீ சத்தமே போடாமல் சிரித்தாய், தோள் மட்டும் குலுங்கியது. ஒன்றைப் போல ஒன்று இருக்கக் கூடாது, மறுபடி வெட்டு என்றாய். வெட்டிப் பார்த்தேன். கோணலாக வெட்டு என்றால் என் கை ஓடவில்லை. கோணலாக இருப்பதைத் தூக்கிப் போடுவதற்குத்தானே எனக்குச் சம்பளம். கடைசியில் நீயே என் மேசைப் பக்கத்துச் சிவப்புத் தொட்டியில் கிடந்ததைக் கிளறினாய். நான் கழித்துப் போட்ட தகடுகள்: துளை இழுத்துக்கொண்டது, விளிம்பு கிழிந்தது, அச்சு நகர்ந்து ஒன்றன் மேல் ஒன்று விழுந்தது. சூப்பர்வைசரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனோம். என் அழகான தகட்டையும் சுத்தியலால் நாலு போடு போட்டுச் சேர்த்துக்கொண்டாய். அன்று உன் வீட்டுச் சுவரில் தளிக் காடு வந்தது.

பச்சை விளக்கு போடலாம் என்று நான் சொன்னதற்கு நீ கொடுத்த பதில் இன்றைக்கும் கமிட்டியில் எல்லோரும் சொல்கிறார்கள். "பச்ச லைட்டு போட்டா காடு வராதுட்டி, மூஞ்சில சீக்குதான் வரும்." பச்சையைப் பின்பக்கம் மட்டும் வைத்தாய். மேலிருந்து நீலம். பக்கவாட்டில் தகட்டு வழியாகச் சாயங்கால மஞ்சள். ஸ்டோரில் கிடந்த ஆளுயர அட்டைக் குழாய்களை நிற்க வைத்து மரம் என்றாய். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டபோது அவை மரமாகத்தான் இருந்தன. புகை மெஷினுக்குப் பதிலாகச் சாம்பிராணிக் கரண்டி. ஒத்திகையில் அந்த வாசத்துக்குப் பேக்கிங் ரத்னம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள்தான் மாடு தேடிப் போகிறவள், அவளே பக்தியில் நின்றுவிட்டால் மாட்டை யார் தேடுவது என்று நீ திட்டினாய்.

விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டியில் நான். புகைக்கும் தகட்டுக்கும் மேடையோரத்தில் நீ. எனக்கு நீ சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம்தான். முதலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் லேசாக வைக்க வேண்டும். பிறகு இருபது வரை எண்ண வேண்டும், எதையும் தொடக் கூடாது. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக அவ்வளவு நேரம் வேண்டும். அதற்கு அப்புறம் மஞ்சளைக் கொஞ்சமாக ஏற்றினால் போதும், மீதியை அவர்கள் கண்ணே பார்த்துக்கொள்ளும். "இருபது எண்ணு. காடு தானா வரும்," என்றாய்.

அந்த முறை உன் அப்பாவை நீயே வற்புறுத்தி வரவழைத்தாய். முதல் வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விளக்கை அணைத்தேன். எண்ணினேன். ஐந்து வரும்போது குழந்தைகள் சிணுங்கின. ஏழில் யாரோ கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்கள். நமக்கு, கம்பெனிக்காரர்களுக்கு, இருட்டு என்றால் பிரேக்டவுன். லைன் நின்றுவிட்டது, ஓடு என்று அர்த்தம். மேனேஜர் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. எட்டு. என் கை மேடை முன்விளக்கின் பிடியை முழுக்க மேலே தள்ளிவிட்டது. என் மேசையில் எரிகிற அதே வெள்ளை வெளிச்சம்.

காடு போய்விட்டது. மேடையில் ஒன்பது அட்டைக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் குடைப் படமும் 'மேல் பக்கம்' என்று அம்புக்குறியும். அவற்றின் ஓரத்தில் நீ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து சாம்பிராணிக் கரண்டியை ஊதிக்கொண்டிருந்தாய். மண்டபமே சிரித்தது. நீ எழுந்திருக்கவில்லை. கண் கூச, முதல் வரிசையைத்தான் பார்த்தாய். உன் அப்பா பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் எப்படியோ முடிந்தது. கைகூடத் தட்டினார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் நான் உன்னிடம் வந்து நின்றேன். நீ கரண்டியைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாய். "இன்னும் பன்னெண்டு இருந்துச்சு."

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். மறுநாளும் புளிக்குழம்பு கொண்டுவந்தாய், பாதியை என் பக்கம் தள்ளினாய். ஆனால் காட்டைப் பற்றி நீ பேசவில்லை, எனக்குக் கேட்க முகமில்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை. மேசையில் வருகிற ஆயிரம் பொருளில் ஒரு பிசிறை விடாமல் கண்டுபிடிக்கிறவள், அந்த ஒரு வார்த்தையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். மறு வருஷம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பார்க்க வந்தபோது நீ கண் விழிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸில், மாலை போட்டு, உன்னை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் கூடவே வந்தேன். உன் அப்பா என்னை யார் என்று கேட்டார். கூட வேலை செய்கிறவள் என்று மட்டும் சொன்னேன்.

இந்த வருஷம், உன் கணவர் நீங்கள் இருவரும் இருந்த பாகலூர் ரோட்டு வீட்டைக் காலி செய்யும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைக் கொடுத்தார். உன் பழைய யூனிபார்ம் சட்டையில் சுற்றிய தகடுகள். நடுவில் ஒரு தாள். மறு வருஷத்து நாடகத்துக்கு நீ போட்டு வைத்த திட்டம் அது. விளக்குகளுக்கு இடம் மாற்றியிருந்தாய். அட்டைக் குழாய்க்குக் கருப்புத் துணி சுற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய். புகை, உனக்கு. டிம்மர் என்று போட்டு, அதற்கு நேராக என் பெயர். அடித்துத் திருத்தாமல், எடுத்த எடுப்பிலேயே என் பெயர். அந்த வெற்று வீட்டில் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் வீட்டுக்காரர் பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். நாடகம் இருக்கிறது, வர வேண்டும் என்றேன். இனிமேல் அங்கே தனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு விளக்கைப் போட்டது உங்கள் மகள் இல்லை, நான். அவள் போட்ட காட்டை நீங்கள் பார்க்கவே இல்லை, நான்தான் பார்க்க விடவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதை அவருக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் எதையோ தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. "தேதியச் சொல்லும்மா," என்றார்.

நேற்று அவரை முதல் வரிசையில் உட்கார வைக்கவில்லை. டிம்மர் பெட்டிக்குப் பக்கத்தில், எனக்கு அருகில் நாற்காலி போட்டேன். ரத்னம்மாதான் மறுபடியும் மாடு தேடினாள். சாம்பிராணிக் கரண்டியை உன் வீட்டுக்காரர் பிடித்தார். குழாய்களுக்குக் கருப்புத் துணி சுற்றியாயிற்று. ஆறு மணிக்கு விளக்கை அணைத்து, நீலத்தை மட்டும் வைத்தேன்.

எண்ணத் தொடங்கினேன். குழந்தைகள் சிணுங்கின. கரண்ட் போய்விட்டதா என்று ஒரு குரல், சத்தியமாக அதே குரல்தான் என்று நினைக்கிறேன். எட்டு. என் கை அசையவில்லை. ஆனால் பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்தது. உன் அப்பாவின் கை, நேராக முன்விளக்கின் பிடிக்குப் போனது. "இருட்டா கெடந்தா ஏசுவாங்கம்மா," என்று முணுமுணுத்தார். நாற்பது வருஷத் திருவிழாக் கூட்டத்தின் வசவு அந்தக் கையில் இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக் கீழே வைத்து, அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். "இல்லப்பா. இன்னும் பன்னெண்டு இருக்குது," என்றேன்.

ஒன்பது என்று வாய்விட்டுச் சொன்னேன், அவருக்குக் கேட்கும்படி. பத்து. பதினொன்று. பதினைந்திலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார், உதட்டை மட்டும் அசைத்து. மண்டபம் மெல்ல அடங்கியது. இருபது என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம். மஞ்சளை ஒரு நகம் அளவு ஏற்றினேன்.

வந்தது. தரை முழுக்கச் சில்லுச் சில்லாக வெளிச்சம். குழாய்களின் ஓரம் மட்டும் தெரிந்து, உள்ளே உள்ளே மரங்கள் இருப்பது போலிருந்தது. புகை அதன் நடுவில் நகர்ந்தபோது இலைகள் அசைந்தன. ரத்னம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள், அவள் முதுகில் வெளிச்சம் உடைந்து விழுந்தது. நான் எழுதிய வசனத்தைச் சொல்லக்கூட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கொத்தமல்லிக்கார அம்மா எங்கிருந்தாவது சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன்.

உன் அப்பா நாடகத்தைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடமில்லாமல் தனக்கே சொல்வது போலச் சொன்னார். "இது நா சொல்லிக்குடுத்ததில்ல. எங்கிட்ட கேக்காமலே படிச்சிருக்கா." அவர் கை இன்னும் என் கைக்குக் கீழேதான் இருந்தது. அழுதார். நானும்தான். இருட்டில் யாருக்கும் தெரியவில்லை, அதுவும் உன் ஏற்பாடுதான்.

முடிந்த பிறகு ஒரு தகட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவள் வெட்டியதா என்று கேட்டார். நான் நேராக வெட்டினேன், அவள்தான் கோணலாக்கினாள் என்றேன். முதல் முறையாகச் சிரித்தார். அந்தத் தகட்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இருக்கை, பை மடியில், இரண்டு கையும் பையின் மேல். என் சுத்தமான தகடாக இருந்தால் அவர் எடுத்துப் போயிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மேசையில் நான் இன்னும் கோணலைத்தான் கழிக்கிறேன், அது என் வேலை. ஆனால் சிவப்புத் தொட்டியில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறேன். போன வாரம் ஷிப்டில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து எண்ணினேன். பதினெட்டில் மேசையின் விளிம்பு தெரிந்தது. இருபதில் என் கை தெரிந்தது.

எண்ணெய் ஆறிக்கொண்டிருக்கிறது, குளிக்கப் போகிறேன். அந்தப் பன்னிரண்டை எண்ணிவிட்டேன் ஏட்டி. உன் அப்பாவும் கூட இருந்தார்.